அச்சில் வார்த்த முகம் எங்கும் இல்லை

நுழையும்முன்
நோயை அறிவதோடு நோயுற்றவரின் உடலமைப்பையும் அறிந்து செய்யும் மருத்துவமே சிறக்கும். ஒருவருடைய முகத்தின் உட்புறத்தை அவ்வாறே காட்டும் முப்பரிமாண மாதிரி அதற்கு எவ்வாறு துணைநிற்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்க்கும் முகம் வேறு வேறு. வெளியே காணும் அவ்வேறுபாடு முகத்தின் உள்ளேயும் உண்டு. நெற்றி, கன்னம், கண்களின் இடைப்பகுதி, மூக்கின் பின்புறம் ஆகிய இடங்களில் எலும்புகளுக்குள் நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. இவற்றையே சைனஸ் என்கிறோம். இவற்றின் உட்படலம் வீங்கி, மூக்கடைப்பு, முகவலி, சளியொழுக்கு போன்றவை 12 வாரங்களுக்கு மேலும் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ் அழற்சி எனப்படும்.

உடல் வகுத்த வழி
கன்ன அறையின் வாயில் அதன் மேற்பகுதியில் அமைந்துள்ளது. நுண்ணிய குற்றிழைகள் சளியை மேல்நோக்கி உந்தி அவ்வாயிலில் சேர்க்கின்றன. முற்காலத்தில், சளி தானே வடிந்துவிடும் எனக் கருதி அறையின் கீழ்ப்புறத்தில் புதிய துளையிட்டனர். அதன் பின்னரும் குற்றிழைகள் பழைய வாயிலை நோக்கியே சளியைச் செலுத்தின. ஆஸ்திரிய மருத்துவர் மெஸ்ஸர்கிளிங்கர் இவ்வியல்பை அகநோக்கியால் ஆராய்ந்து, இயற்கை வாயிலைச் சீர்செய்யும் மருத்துவத்திற்கு வழிகாட்டினார்.

இவ்வழி ஆளுக்கு ஆள் வேறுபடுவதே இடர். காற்றறைக்கும் கண்ணுக்கும் நடுவே தாள் போன்ற மெல்லிய எலும்பே உள்ளது; மேலே மூளை இருக்கிறது. மூளையை ஒட்டிய நுகர்ச்சிப் பள்ளத்தின் ஆழம் 1 மில்லிமீட்டர் முதல் 16 மில்லிமீட்டர் வரை வேறுபடுவதைக் கெரோஸ் என்னும் ஆய்வாளர் 1962இல் மூவகையாகப் பகுத்துரைத்தார். ஒருவர்க்குத் தீங்கின்றிச் செல்லும் கருவி, மற்றொருவர்க்கு ஊறு விளைவிக்கலாம்.

கையில் ஒரு முகம்
சி.டி. ஸ்கேன் படங்களைக் கணினியில் ஒன்றிணைத்து, நோயாளியின் காற்றறைகளை முப்பரிமாண மாதிரியாக அச்சிட இன்று இயலும். படங்களே போதுமே எனச் சிலர் வினவுவர். படங்கள் காட்டுபவை தனித்தனித் தளங்கள். அவற்றை மனத்தில் பொருத்திக் காண்பது தேர்ந்தவர்க்கு எளிது, கற்பவர்க்கு அரிது. மாதிரியைக் கையில் ஏந்தினால் அறுவையை முன்னரே ஒத்திகை பார்க்கலாம். நோயாளியும் தன் நிலையைக் கண்ணால் கண்டு, தெளிந்து ஒப்புதல் தரலாம். கணினி மாதிரியில் காற்றோட்டத்தைக் கணக்கிட்டால், மூக்கில் தெளிக்கும் மருந்து எங்கே படிகிறது என்பதையும் மதிப்பிடலாம்.

எல்லையும் கடமையும்
மாதிரி வடிவத்தைக் காட்டும், ஒவ்வாமையைக் காட்டாது. உப்புநீரால் கழுவுதலாலும் மருந்தாலும் தணியும் நோய்க்கு அது வேண்டுவதில்லை. மாதிரிக்காகவே மீண்டும் ஊடுகதிர் பாய்ச்சுவதும் முறையன்று. சிக்கலான உடலமைப்பு உடையோர்க்கும், அறுவைக்குப் பின்னரும் நோய் நீங்காதோர்க்குமே அதில் முதலுரிமை வேண்டும். அவர்களுள்ளும் பொருள் படைத்தவர்க்கே அது கிட்டுமாயின் அறிவியலின் பயன் பாதியே ஆகும். பல அரசு மருத்துவமனைகள் இணைந்து ஓர் அச்சுக்கூடத்தைப் பகிர்ந்துகொண்டால், மூச்சுக்கு ஏங்கும் ஏழைக்கும் அவர் முகத்திற்கேற்ற மருத்துவம் கிட்டும்.