ஆபரேஷனுக்கு முன்னால் மருந்து எதற்கு?

"என் மாமனாருக்குக் கணையத்தில் புற்று என்று சொல்லிவிட்டார்கள். உடனே அறுத்து எடுத்தால் தேவலை என்று பார்த்தால், கோயமுத்தூர் டாக்டர், மூன்று மாதம் மருந்து ஏற்றிவிட்டுத்தான் ஆபரேஷன் என்கிறார். அதற்குள் முற்றிவிடாதா? கைவிட்டுவிட்டார்களோ என்று மாமியார் ஓயாமல் அழுகிறார்கள்."

குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி இப்படி எழுதியிருக்கிறார்.

கைவிடவில்லை அம்மா. மாமியாரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், சுமார் 15 செ.மீ. நீளத்தில் படுத்திருக்கிறது. ஜீரண நீரும் இன்சுலினும் சுரப்பது அதுதான். குடலுக்குப் போய் வரும் பெரிய ரத்தக் குழாய்கள் அதை ஒட்டியே ஓடுகின்றன. சங்கடமே அங்கேதான்.

ஊட்டி உருளைக்கிழங்கில் அழுகல் கண்டால் என்ன செய்கிறோம்? சுற்றிலும் கொஞ்சம் நல்ல பாகத்தையும் சேர்த்து அரிந்து எறிகிறோம் அல்லவா? சர்ஜனும் அப்படித்தான். வெட்டி எடுத்த சதையின் விளிம்பில் மை பூசி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். விளிம்பு வரை புற்று அணு இருந்தால், வயிற்றுக்குள்ளும் மிச்சம் இருக்கலாம் என்று பொருள். கணையத்தில் ரத்தக் குழாய் குறுக்கே நிற்பதால் தாராளமாக அரிய இடம் இல்லை. அதனால்தான், முதலில் மருந்தால் விளிம்பில் உள்ள புற்றை அடக்கிவிட்டுப் பிறகு கத்தி எடுக்கிறார்கள்.

நெதர்லாந்தில் 2013-ல் தொடங்கி 246 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்து ஆபரேஷன். மற்றவர்களுக்கு நேரே ஆபரேஷன், பிறகு மருந்து. புற்றை வெட்டி எடுக்க முடிந்தவர்களில், விளிம்பு சுத்தமாக இருந்தது முதல் பிரிவில் நூற்றுக்கு 71 பேருக்கு. இரண்டாவதில் 40 பேருக்குத்தான். 2022-ல் வெளிவந்த முடிவின்படி, ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்குச் சுமார் 20 பேர். மற்றதில் 6, 7 பேர். நோய் பொல்லாததுதான், மறைக்கவில்லை. ஆனால் மூன்று மடங்கு சின்ன விஷயமா?

இன்னொன்றும் உண்டு. மருந்து ஏறும் நாட்களிலேயே சிலருக்கு நோய் வேறு இடத்தில் தலைகாட்டிவிடும். அவர்களுக்கு வீணாக வயிற்றைத் திறக்கும் துன்பம் மிச்சம்.

எல்லோருக்கும் ஒரே விதி இல்லை. சுலபமாக எடுக்கக்கூடிய கட்டிகளில் வேறொரு மருந்துக் கூட்டை முன்னதாகக் கொடுத்துப் பார்த்த வட ஐரோப்பிய ஆராய்ச்சியில், 2024-ல் வந்த முடிவு லாபம் காட்டவில்லை. ஸ்கேனைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும்.

இந்த மூன்று மாதமும் வீட்டில் உங்கள் கையில் இருக்கிறது:

• எடை குறையவிடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு வேளை கொடுங்கள். மலம் எண்ணெய்ப் பசையாகப் போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஜீரணத்துக்கு மாத்திரை உண்டு.

• காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திராமல், பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மலைப்பாதையை நம்பி இரவைக் கடத்த வேண்டாம்.

• டாக்டருக்குத் தெரியாமல் கஷாயம், சூரணம் வேண்டாம்.

மற்ற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சல் இல்லாமல் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரித்து, மலம் வெளுத்து, எடையும் குறைந்தால், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாளைப் போக்காதீர்கள். வயதானவர்களுக்குத் திடீரென்று சர்க்கரை வந்து, கூடவே உடம்பும் இளைத்தால் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

குன்னூர்ச் சகோதரிக்கு: அடுத்த முறை கோயமுத்தூர் போகும்போது டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: "கட்டி ரத்தக் குழாயைத் தொடுகிறதா? மருந்துக்குப் பிறகு எப்போது ஸ்கேன்?" பதிலை ஒரு நோட்டில் எழுதி வந்து, மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.