பிந்திப் பூத்தவர் யார்?

பரிசளிப்பு விழாவாகட்டும், வாரப் பத்திரிகையாகட்டும், கேட்பது ஒரே உபதேசம்தான். “எம். ஜி. ஆரைப் பாருங்கள், பொறுத்தார், பூமி ஆண்டார்!” மறுமூச்சிலேயே, “பாகவதரைப் பாருங்கள். உச்சியில் இருந்தார், விதி வீழ்த்திவிட்டது!” பிந்திப் பூத்தவருக்குப் பொறுமை காரணமாம்; முந்திக் கருகியவருக்கு விதி காரணமாம். சமுதாயத்துக்கு மட்டும் இரண்டிலும் பங்கில்லையாம்! இந்தப் போதனையை நாமும் மாணவர்முன் ஒப்பிக்கலாமா?

கண்டிச் சீமையில் 1917இல் பிறந்த எம். ஜி. ஆர்., 1936இல் ‘சதிலீலாவதி’யில் சிறு வேடம் ஏற்றார். ‘ராஜகுமாரி’யில் கதாநாயகனாகத் தோன்றியதோ 1947இல். இடைப்பட்ட 11 ஆண்டு உழைப்பை எவரும் மறுக்கவில்லை. ஆனால், அவரைப் போலவே பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்து, அதே பொறுமையோடு காத்திருந்து மறைந்துபோன பிள்ளைகள் எத்தனை பேர்? வென்றவரின் பொறுமை பாடமாகிறது; தோற்றவரின் பொறுமைக்குப் பெயர்கூட இல்லை.

தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944இல் வெளியாகிச் சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவ்வாண்டு முடியுமுன்பே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார், 1947இல் விடுதலையானார். அதற்குள் பாட்டால் நின்ற படவுலகம் வசனத்தை நோக்கித் திரும்பத் தொடங்கிவிட்டது. 1959இல், ஐம்பது வயது நிறையுமுன் மறைந்தார். சிறை தின்ற ஆண்டுகளுக்கும், தொழிலின் மாற்றத்துக்கும் விதி என்றா பெயர்?

இந்தக் கணக்கு சினிமாவுக்கு மட்டும் உரியதன்று. பதுளைப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், 1960களிலேயே சிறுகதைகளால் பெயர் பெற்றவர். அவருடைய ‘காலங்கள் சாவதில்லை’ நாவல் 1974இல் வந்தது. தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்ததோ 2013இல். அப்போது அவருக்கு வயது 79. பிந்தியது பூவா, அதைப் பார்த்த கண்ணா?

தேயிலையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துளிர்க்கத் துளிர்க்கக் கொழுந்து பறித்து, உயர்ந்தால் கவ்வாத்து வெட்டினால், செடி எப்போது பூக்கும்? தோட்டத்துப் பிள்ளைகளின் நிலையும் இதுவே. தமிழ்மொழித் தினப் போட்டியில் மாகாணத்தையே வென்ற குரல், சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்புக் கடையில் துணி மடிக்கப் போகிறது. ‘அணைந்த விளக்கு’ என்று பெருமூச்சு விடுகிறோம். எண்ணெய் ஊற்றாதவர் யார் என்று கேட்கிறோமா?

“திறமை இருந்தால் எப்படியும் வெளிப்பட்டே தீரும்” என்பார்கள். வெளிப்பட்டவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அப்படித்தான் தோன்றும்!

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! தோட்டப் பாடசாலைதோறும் சங்கீதத்துக்கும் நாடகத்துக்கும் ஆசிரியர் வேண்டும். நூலகம் வேண்டும். லயத்துப் பிள்ளைக்கு உட்கார்ந்து படிக்க இடமும் வெளிச்சமும் வேண்டும். இவற்றை உரத்துக் கேட்போம். நம்மிடையே எழுதுகிறவனை, அவன் எழுதுகிற காலத்திலேயே படிப்போம். பிள்ளைகளுக்குப் பொழுதைக் கொடாத சமுதாயத்துக்குப் பொறுமையைப் போதிக்கும் உரிமை இல்லை.