தூரத்துப் போருக்கு அழுதால் விசுவாசம் குறைந்துவிடுமா?

மலேசிய இந்துக்கள் மகாதீரைவிட மோடிக்கே விசுவாசமாக இருப்பதாக, 2019 ஆகஸ்டில் கோத்தா பாருவில் பேசினார் சமயப் போதகர் ஜாகிர் நாயக். இரண்டே மாதத்தில், விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்று 12 பேர் சொஸ்மாவில் கைதானார்கள். காடேக் சட்டமன்ற உறுப்பினர் ஜி.சாமிநாதன், ஸ்ரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி.குணசேகரன் இருவரும் அதில் அடக்கம். அந்த ஆண்டு தீபாவளி அவர்களுக்குக் காவலில்தான் கழிந்தது.

புலிகள் இயக்கம் இங்கே பயங்கரவாதப் பட்டியலில் இருந்தது உண்மை. ஆனால் 2009 மே மாதத்தோடு அந்தப் போர் முடிந்துவிட்டது. நம்மில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஈழத்தோடு நமக்கு இருப்பது மொழி உறவு. முள்ளிவாய்க்காலை நினைத்து விளக்கேற்றுபவர் ஆயுதம் தூக்கியவர் ஆகிவிடுவாரா?

2023 அக்டோபரில் புக்கிட் ஜாலில் அரங்கில் பாலஸ்தீனத்துக்காக ஆயிரக்கணக்கானோர் கூடினர். பிரதமர் அன்வாரே பேசினார். அங்கே வந்தவர்களிடம் ‘நீ எந்த நாட்டுக்காரன்’ என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. காஸாவுக்காக நாமும்தான் கலங்கினோம். அதே அளவுகோலைத்தான் நமக்கும் கேட்கிறோம்.

2020 பிப்ரவரி 21ஆம் தேதி, சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் மீட்டுக்கொண்டார். அதற்குள் நான்கு மாதம் போய்விட்டது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஈழம் என்ற சொல்லை நாம் இன்னமும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறோம்.