பழநிக்கு நடக்கிறீங்களா? முதல்ல பாதத்தைப் பாருங்க!

பாலக்கோடு,—
தைப்பூசம் வந்தால் பழநி. பவுர்ணமி வந்தால் திருவண்ணாமலை. தர்மபுரி மாவட்டத்து பக்தர்களுக்கு நடை ஒன்றும் புதிதல்ல.

கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். பாலக்கோட்டில் இருந்து பழநி என்றால் 200 கிலோ மீட்டருக்கும் மேல்!

கிளம்பும் முன் காவடி ரெடி. வேட்டி, துண்டு ரெடி. ஆனால், சுமக்கப் போகிற கால் ரெடியா? இதை யாரும் கேட்பதில்லை.

"வெறுங்காலில் நடந்தால்தான் புண்ணியம்" என்கிறார்கள். நல்ல உடம்புக்காரர்கள் நடக்கட்டும். அது அவரவர் வேண்டுதல்.

சர்க்கரை நோயாளிகள் கதை வேறு.

வலிக்காத கால்தான் ஆபத்து!

பல வருஷமாக சர்க்கரை இருந்தால் காலில் நரம்பு மரத்துப் போகலாம். முள் குத்தினாலும் தெரியாது. தார் ரோடு சுட்டாலும் தெரியாது. ராத்திரி தங்கும் இடத்தில் துண்டில் ரத்தக்கறையைப் பார்த்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் புரையோடினால் விரலை எடுக்கணும். சில சமயம் காலையே எடுக்கணும்!

இந்த உண்மையை உலகத்துக்கு எடுத்துக் காட்டியதில் வேலூருக்குப் பங்கு உண்டு. 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் புண் ஏன் ஆறுவதில்லை என்று ஆராய்ந்தார். வலி தெரியாததால் அடிபட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி அடிபடுகிறது என்று கண்டார். மெத்தென்ற ரப்பர் வைத்த 'எம்.சி.ஆர்.' செருப்பு அங்கே அப்படித்தான் உருவானது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் டாக்டர்கள் அதைச் சொல்கிறார்கள்.

செருப்பு வாங்குவது எப்படி?

காலையில் வாங்கக்கூடாது. சாயந்திரம் கால் சற்று வீங்கி இருக்கும். அப்போது போட்டுப் பார்த்து வாங்கணும். நின்று பார்த்தால், நீள விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். பின்னால் வார் இருக்கணும். ஹவாய் செருப்பு நெடுந்தூரத்துக்கு ஆகாது. அதை விரல் இடுக்கிப் பிடித்தே நடக்கணும். கால் மரத்தவருக்கு அது கழன்று விழுந்தாலும் தெரியாது. சீமைக்கருவேல முள்ளும் அதைத் துளைத்து விடும்.

புதுச் செருப்போடு யாத்திரை கிளம்புவது வம்பை விலைக்கு வாங்குவது. இரண்டு வாரமாவது ஊருக்குள் போட்டுப் பழகணும்.

ஷூ போடுகிறவர்கள் இரண்டு ஜோடி பருத்தி காலுறை வைத்துக்கொள்வது நல்லது. நனைந்தால் உடனே மாற்றணும். ஓரிடத்தில் உராய்ந்து எரிந்தால், "அடுத்த ஊரில் பார்த்துக்கலாம்" என்று நடக்காமல் அங்கேயே நின்று பிளாஸ்திரி ஒட்டணும். கொப்புளத்தை ஊசியால் குத்தக் கூடாது. ராத்திரி காலைக் கழுவி, விரல் இடுக்கை ஈரம் போகத் துடைக்கணும். உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்கணும். தனக்குத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லலாம். கால் மரத்தவர்கள் சுடுதண்ணீரில் காலை வைக்கவே கூடாது. வெந்தாலும் தெரியாது!

குருசாமிகள் கவனத்துக்கு!

கூட்டிப் போகும் குருசாமிகள் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "உங்கள்ல யாருக்குச் சர்க்கரை?" கை தூக்குகிறவர்களை முதலில் ஆஸ்பத்திரியில் காலைக் காட்டி வரச் சொல்லட்டும். செருப்பு போட்டு வந்தால் குறையாகப் பேச வேண்டாம். சன்னதி வாசலில் கழற்றினால் போதாதா?

வழியில் மோர்ப் பந்தல் போடுகிற நல்லவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பந்தல் ஓரத்தில் ஒரு வாளி சுத்தமான தண்ணீர், சோப்பு, துண்டுத்துணி, பிளாஸ்திரி வைத்தால் போதும். பெரிய செலவில்லை. அன்னதானம் மாதிரி அதுவும் ஒரு தானம்தான்.

முருகன் கேட்பது பக்தியை. பக்தனின் காலை அல்ல!