யாரோடு சமகாலம்?

ஆறுமுக நாவலர் பிறந்தது 1822 டிசம்பரில். மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றை 1823 இலிருந்து கணக்கிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆகவே இரண்டு இருநூற்றாண்டு நிறைவுகளும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. முன்னதற்கு மண்டபமும் மாலையும் மலர் வெளியீடும். பின்னதற்கு, 2023 இல், தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை வெயிலில் ஒரு நடைபயணம். நாவலர் விழாக்களில் நாம் அமர்ந்து கேட்ட உரைகளில் 'நாவலரின் சமகாலத்தவர்' என்ற தொடர் ஓயாது ஒலித்தது. இராமலிங்க அடிகள் வந்தார், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை வந்தார், தாமோதரம்பிள்ளை வந்தார், பேர்சிவல் பாதிரியாருங்கூட வந்தார். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைநாடு நோக்கி நடந்தவர்களுள் ஒருவர்தாமும் அம்மேடைகளில் ஏறவில்லை.

இது மறதியினால் நேர்ந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இயலாது. 'சமகால' என்னும் அடைமொழியை நம் ஆராய்ச்சி அன்பர்கள் கையாளும் முறையிலேயே இதற்கான வித்து இருக்கிறது. அச்சொல் தனித்து நிற்க வல்லதன்று. 'இளைய' என்றால் யாருக்கு இளைய என்ற கேள்வி எழுவதுபோல, 'சமகால' என்றால் யாரோடு என்ற கேள்வி எழவேண்டும். ஆனால் 'சமகாலக் கவிதை', 'சமகாலச் சிந்தனை', 'சமகால நோக்கில் நாவல்' என்று கருத்தரங்க அழைப்பிதழ்கள் அச்சாகின்றன. யாரோடு? விடையில்லை. 'இக்கால' என்ற எளிய சொல் கைவசம் இருக்க, இரண்டு நிகழ்ச்சிகளைப் பிணைக்கப் பிறந்த சொல்லை, ஒற்றைப் பொருளின் நெற்றியில் ஒட்டும் பொட்டாக்கிவிட்டார்கள்.

நம் இலக்கண ஆசிரியர்கள் இவ்வளவு அசட்டையாக இருந்ததில்லை. மூன்றாம் வேற்றுமைக்கு அவர்கள் உடனிகழ்ச்சி என்றொரு பொருள் கூறினார்கள். அதற்கு 'ஒடு' என்னும் உருபு வேண்டும் என்றார்கள். 'யாரோடு' என்பதைச் சொல்லாமல் உடனிகழ்ச்சி இல்லை. எனினும் அங்கேயும் ஒரு சூழ்ச்சி உண்டு. இருவர் ஒரே வினையைச் செய்யுமிடத்து 'ஒடு' உயர்ந்தவரின் பெயரையே சேரும் என்பது தொல்காப்பியர் விதி. 'அரசனொடு சேவகர் வந்தனர்' என்பதே முறை. 'சேவகரொடு அரசன் வந்தான்' என்றால் பிழை. பிள்ளையோடு தாய் வந்தாள் என்று நாள்தோறும் பேசுகிற மக்கள் இவ்விதிக்குக் கட்டுப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் எமது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் அதனை மந்திரம்போற் காத்து வருகிறார்கள். பிறர் நாவலரோடு சமகாலத்தவராகலாம். நாவலர் ஒரு கோப்பித் தோட்டத் தொழிலாளியோடு சமகாலத்தவராக முடியாது!

இவ்விதியைக் கொண்ட சொல்லதிகாரம், சேனாவரையர் உரையுடன், நாவலர் பரிசோதிக்கத் தாமோதரம்பிள்ளையாற் பதிப்பிக்கப்பெற்றது 1868 இல் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

அதற்கு முந்திய ஆண்டை எடுத்துக்கொள்வோம். 1867 இல் வடலூரிலே சத்திய தருமசாலையின் அடுப்பு மூட்டப்பட்டது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை நட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. ஹம்பேர்க் நகரிலே கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' முதற் பாகம் வெளிவந்தது. எல்லாம் ஓராண்டில்! இப்படி அடுக்கிக் காட்டுவதே முற்போக்கு விமர்சனம் என்று எம் அணியிலும் சிலர் எண்ணுகிறார்கள். அது வேடிக்கை, காக்கை இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. வடலூர் அடுப்புக்கும் ஹம்பேர்க் அச்சுக்கூடத்துக்கும் நேர்த்தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் கண்டிப் புகையிரதமும் மாத்தளைக் காட்டுப் பாதையும் அத்தகையன அல்ல. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே அந்த இருப்புப்பாதை போடப்பட்டது; கோப்பியைப் பறித்த கைகளுக்குரியவர்களோ அதன் பின்னரும் மன்னாரிலிருந்து நடந்தே போனார்கள். சரக்குக்குச் சக்கரமும் மனிதனுக்குக் காலும் என்று வகுத்தது ஒரே மூலதனம். இந்த வகை உடனிகழ்ச்சியைத் தேடிப் பிடிக்கத்தான் 'சமகால' என்ற சொல் நமக்குத் தேவை.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை மாணவர்கள் இந்திய வரலாற்றிற் படிக்கிறார்கள். 1877 இல் யாழ்ப்பாணத்தில் மக்கள் பசியாலும் பேதியாலும் மாண்டபோது நாவலர் கஞ்சித்தொட்டி அமைத்ததைத் தமிழ்ப் பாடத்திற் படிக்கிறார்கள். அதே ஆண்டுகளில் அப்பஞ்சத்துக்குத் தப்பிப் பெருந்திரளான மக்கள் கோப்பித் தோட்டங்களை நாடிக் கடல் கடந்ததை வணிகப் பயிர்கள் பற்றிய அத்தியாயத்தில், அதுவும் ஆசிரியருக்கு நேரம் இருந்தால், படிக்கிறார்கள். ஒரே காலத்துப் பசி மூன்று பாடப் புத்தகங்களுக்குள் பிரித்து அடைக்கப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கஞ்சித்தொட்டிக்கும் மன்னார்க் கரைக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு? தேசப்படத்தை விரித்துப் பார்த்தால் ஒரு விரற்கடைதான்.

நாவலரை இதனாற் சிறுமைப்படுத்துகிறோம் என்று சைவ அன்பர் சிலர் சினக்கக்கூடும். சாதி பற்றிய அவரது கொள்கை எமக்கு உடன்பாடன்று. அதனை மறைக்கவும் மாட்டோம். ஆயினும் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்த மனிதரைப் பசித்தவர்களின் சமகாலத்தவர் என்பது எவ்வாறு சிறுமையாகும்? வித்துவான்களின் வரிசையில் மட்டும் அவரை நிறுத்தி வைப்பவர்களே அவரைக் குறுக்குகிறார்கள்.

1948 இன் கதையும் இதுவே. பெப்ரவரியிற் சுதந்திரம், அவ்வாண்டு முடியுமுன்னரே தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பிரசாவுரிமைச் சட்டம். முன்னதைத் 'தேசிய' வரலாறு என்றும் பின்னதை 'மலையகப்' பிரச்சினை என்றும் பிரித்து எழுதுகிறார்கள். ஒன்றுக்கு நாட்டின் பெயர், மற்றதற்கு மலையின் பெயர். இரண்டையும் ஒருசேர நிறைவேற்றிய ஆளும் வர்க்கத்துக்கு எப்பெயரும் இல்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'நாவலரும் அவர் சமகாலத்தவரும்' என்று மாணவரைக் கட்டுரை எழுதச் சொல்லும் பழக்கம் பல பாடசாலைகளில் உண்டு. அடுத்த முறை 'கோப்பித் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் சமகாலத்தவரும்' என்று தலைப்பைக் கரும்பலகையில் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் நாவலரை எந்த மாணவர் முதலிற் சேர்க்கிறார் என்று பார்ப்போம்.