முகமூடியிற் பொருத்திய கமெரா

சென்ற வைகாசியில் என் தமக்கையின் மகனுக்குக் கனடாவிலிருந்து ஒரு பொதி வந்தது. அவனுடைய சித்தப்பா அனுப்பியிருந்தார். பிரித்துப் பார்த்தால், சுழியோடிகள் கண்ணையும் மூக்கையும் மூடி அணிகின்ற முகமூடி ஒன்று. அதன் நெற்றியில் ஒற்றைக் கண்ணைப் போல ஒரு சிறிய கமெரா. குறி பார்ப்பதற்காகக் கண்ணாடியிலே குறுக்கும் நெடுக்குமாக இரு கோடுகள். கை இரண்டும் ஓய்ந்திருக்க, நீர் காண்பதையெல்லாம் கமெராவும் காணும் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தார்கள். மருமகனோ நான்கே முறை கடலுள் இறங்கிச் சுழியோடற் சான்றிதழ் பெற்று ஒரு மாதங்கூட ஆகாதவன். "மாமா, இதைப் புறாத்தீவுக்குக் கொண்டுபோகலாமா?" என்று கேட்டான். தமக்கை என் முகத்தைப் பார்த்தாள். அவள் கேட்க விரும்பிய விடை கமெராவைப் பற்றியதன்று.

பௌதிகம் கற்பிப்பவன் எனினும் முழங்காலளவு நீருக்கப்பால் நான் அறியேன். ஆகவே நிலாவெளியில் உல்லாசப் பயணிகளைக் கடலடிக்கு அழைத்துச் செல்லும் என் பழைய மாணவர் ஒருவரை விசாரித்தேன். அவர் சிரித்தார். "ஐயா, தலை சும்மா இராத பொருள், அதில் கமெராவைக் கட்டினால் என்னாகும்?" என்றார்.

நீரடியில் இருப்பவன் ஓயாது தலையைத் திருப்ப வேண்டியவன். காற்றுக் கலத்தின் அமுக்கமானியைப் பார்க்க வேண்டும். ஆழத்தைப் பார்க்க வேண்டும். துணைவன் பின்னால் வருகிறானா என்று பார்க்க வேண்டும். (கலத்தில் இருப்பது பிராணவாயு அன்று, அமுக்கி அடைத்த சாதாரணக் காற்றே. பத்திரிகைகளும் இதில் அடிக்கடி தவறுகின்றன.) இவ்வசைவுகள் அத்தனையும் படத்தில் ஏறும். படம் நன்றாக வரவேண்டுமென்று தலையை ஆட்டாமல் வைத்திருப்பவனோ, பார்க்க வேண்டிய எதையும் பாராதவனாகி விடுவான். அன்றியும், முகமூடி என்பது முகத்துக்குப் பொருந்த வேண்டியது. அனுபவசாலிகள் அதை முகத்தில் வைத்து மூக்கினாற் காற்றை உள்ளிழுத்து, கையை எடுத்தபின்னும் விழாது ஒட்டி நிற்கிறதா என்று சோதித்தே வாங்குவார்கள். கமெராவுக்காக வாங்கிய முகமூடி ஒழுகத் தொடங்கினால் படமும் இல்லை, பார்வையும் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை வெளிச்சத்தைப் பற்றியது. கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. பத்து மீற்றர் இறங்குமுன்னரே சிவப்பு மீன் மங்கிய சாம்பல் நிறமாகத் தோன்றும். கை கீறினால் இரத்தம் பச்சை கலந்த கருமையாகத் தெரியும். ஆகவே நிறம் வேண்டுவோர் விளக்குக் கொண்டு செல்ல வேண்டும். அவ்விளக்கை வில்லையின் அருகிலேயே பொருத்தினால், நீரில் மிதக்கும் துகள்கள் யாவும் ஒளியைத் திருப்பியடித்து, படம் பனி பெய்ததுபோல ஆகிவிடும். மார்கழி மூடுபனியில் மோட்டார் வண்டியின் பெருவிளக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தேர்ந்த படப்பிடிப்பாளர் விளக்குகளை இரு நீண்ட கரங்களில் ஏற்றி, பக்கவாட்டில் விலக்கி வைப்பதன் காரணம் இதுவே. நெற்றியில் அதற்கு இடமேது?

விளக்குக்குப் பதிலாக வில்லையின் முன்னே மாட்டும் சிவப்புக் கண்ணாடிகளும் விற்பனைக்கு வருகின்றன. இவற்றைச் சுழியோடிகள் முற்றாகப் பழிப்பதில்லை. நல்ல வெயிலில், ஐந்து மீற்றருக்கும் ஏறக்குறைய இருபது மீற்றருக்கும் இடையில் அவை உதவுகின்றன. அதற்குக் கீழே அவை வீண். சிவப்புக் கண்ணாடி சிவப்பை உண்டாக்குவதில்லை. மற்ற நிறங்களைத் தடுப்பதன்றி வேறொன்றும் செய்வதில்லை. வந்து சேராத நிறத்தை எதைக் கொண்டு மீட்பது?

ஆயினும் புதியதை எல்லாம் விளையாட்டுப் பொருள் என்று தள்ளுவதும் சரியன்று. பிரான்சியரான லூயி பூட்டான் 1893 ஆம் ஆண்டிலே பானியூல் கடலில் கமெராவை இறக்கியபோது, அதனுடன் பீப்பாய் ஒன்றும் இறங்கிற்று. பீப்பாயின் மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் மதுசார விளக்கு, அதன் சுவாலையில் ஊதப்படும் மக்னீசியத் தூள்! இக்காலத்துக் கடையில் அப்படியொன்று இருந்தால் யார் வாங்குவார்? அங்கிருந்து தொடங்கிய வழியிலேதான் 1963 இல் கையடக்கமான நிக்கோனோஸ் கமெரா வந்தது. நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1622 இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளைச் சுவாமிமலையடியிலே, கடலுக்குள் தேடிக் கண்டவர் மைக் வில்சன். அவர் எடுத்த கடலடிப் படங்களை ஆதர் சி. கிளார்க் 1957 இல் வெளியிட்ட நூலிற் காணலாம்.

கோப்ரோ என்னும் சிறு கமெராவின் கதையும் நினைவிற் கொள்ளத்தக்கது. 2004 இல் அந்நிறுவனம் விற்றது படச்சுருள் இட்ட, மணிக்கட்டிற் கட்டும் கமெரா. பின்னர் வந்த மின்னணுக் கமெராக்களின் உறை அறுபது மீற்றர் ஆழத்தைத் தாங்கிற்று. ஆனால் உறையின் முகப்பு வளைந்திருந்தபடியால் நீருள் எடுத்த படங்கள் தெளிவின்றிப் போயின. வளைந்த முகப்பும் அதைச் சூழ்ந்த நீரும் சேர்ந்து ஒரு குழிவில்லையின் தொழிலைச் செய்து, காட்சியின் விம்பத்தைக் கமெராவுக்கு மிக அண்மையில் நிறுத்திவிடும். குவியத்தை மாற்ற இயலாத கமெரா அதை எவ்வாறு பிடிக்கும்? சுழியோடிகள் முணுமுணுத்துக்கொண்டே தட்டையான முகப்பைத் தேடி மாட்டினார்கள். பின்பு நிறுவனமே தட்டை முகப்பு உறையைச் செய்து விற்றது. அன்று அதை எள்ளியவர்கள் பலர் இன்று அதைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

முகமூடிக் கமெராவுக்கும் ஓர் ஆதரவாளர் கிடைத்தார். என் மாணவரின் தொழிற் தோழர். புதியவர்களுக்குச் சுழியோடக் கற்பிப்பவர். மாணாக்கனின் தோளை ஒரு கையாலும் கயிற்றை மறு கையாலும் பற்றியிருப்பவருக்கு மூன்றாவது கை ஏது என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு.

கையிற் பிடிக்கும் கமெராவுக்கும் அதன் ஆபத்து உண்டென்று என் மாணவர் ஒரு சம்பவம் சொன்னார். பயணி ஒருவர் நீண்ட கோலின் நுனியில் கமெராவை மாட்டி ஓர் ஆமையைத் தொடர்ந்தார். ஆமை பாறைச் சரிவில் இறங்கிற்று, அவரும் இறங்கினார். அவரைத் தேடிப் பிடித்தபோது ஆழம் 24 மீற்றர். அவ்வாழத்தில் ஒவ்வொரு மூச்சும், மேற்பரப்பில் இழுப்பதைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு காற்றைக் கலத்திலிருந்து எடுத்துவிடும். 200 பாரில் தொடங்கியவரின் அமுக்கமானியில் 30 எஞ்சியிருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. கோலை விடவும் மனமில்லை. என் மாணவர் தமது இரண்டாவது சுவாசக் குழாயை அவர் வாயிற் கொடுத்து, விரைந்து ஏறவிடாமல் மார்புப் பட்டியைப் பற்றிக்கொண்டு, ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தரித்து மேலே கொண்டு வந்தாராம். பதற்றத்தில் மூச்சை அடக்கி மேலெழுந்தால் விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். "படகில் ஏறியதும் அவர் முதலிற் கேட்டது, ஆமை படத்தில் விழுந்ததா என்பதுதான், ஐயா" என்றார்.

மருமகனுக்கு அவர் சொன்ன விடை சுருக்கமானது: அசையாமல் ஒரே ஆழத்தில் மிதக்கப் பழகும்வரை எந்தக் கமெராவும் வேண்டாம், அதுவரை அந்த முகமூடி நீர்மட்டத்திலே மூச்சுக்குழாயோடு மிதந்து பார்ப்பதற்கு ஆகும். இன்னொன்றையும் சேர்த்தார். மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 இல் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பல் 53 மீற்றரளவு ஆழத்திற் கிடக்கிறது. அங்கே அமுக்கம் நிலத்திலுள்ளதைப் போல ஆறு மடங்குக்கும் மேல். பொழுதுபோக்குச் சுழியோடிக்கு வகுத்த எல்லையோ 40 மீற்றர். மருமகன் ஹேர்மிசைப் பற்றி ஆசையோடு பேசியதைத் தமக்கை அவருக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாள் போலும்.

ஆடியில் குடும்பத்தோடு புறாத்தீவுக்குப் போனோம். மருமகன் முருகைக்கற் பாறைகளின் மேலே ஒரு மணி நேரம் மிதந்தான். இரவில் வீட்டிலே படத்தைப் போட்டோம். படகின் அடி, வானம், அவனுடைய கால், மீண்டும் வானம். இடையே ஒரு கணம், செட்டையில் கரிய நுனி கொண்ட சுறா ஒன்று ஓரமாகக் கடந்து மறைந்தது. அதைத் திருப்பிப் போடும்படி எல்லாரும் கேட்டார்கள். தமக்கை மட்டும் தலை சுற்றுகிறதென்று எழுந்து, தேநீர் வைக்க அடுக்களைக்குப் போய்விட்டாள்.