ஹௌராவுக்கு ஏன் இத்தனை தாமதம்?

நாட்டின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபர் 24-ந் தேதி எஸ்பிளனேடிலிருந்து புறப்பட்டு வந்து நின்றது நமது பவானிபூரில்தான். தூரம் 3.4 கிலோமீட்டர். அந்த நிலையத்துக்கு இன்று நேதாஜி பவன் என்று பெயர். அதற்காகத் தோண்டிய பள்ளங்களின் ஓரமாக, சேற்றில் கால் வைத்து ஆபீஸ் போனவர்களின் பாடு வீண் போகவில்லை.

1971-ல் வகுத்த திட்டத்தில் ஐந்து பாதைகள், மொத்தம் 97.5 கிலோமீட்டர். ஐந்தையும் ஒரே சமயத்தில் தொடாமல், டம்டம்–டாலிகஞ்ச் பாதைக்கு முதலிடம் கொடுத்தது சரியான முடிவே. இல்லையேல் பணமும் போதாது, ஊரே பள்ளமாகியிருக்கும். ஆனால் ஒன்றுக்கு முதலிடம் என்றால் மற்றவற்றை மறந்துவிடலாம் என்றா பொருள்? அந்தப் பாதை 1995-ல் முழுமை பெற்றது. ஹௌராவுக்குப் போகும் கிழக்கு–மேற்குப் பாதைக்கோ அடிக்கல் நாட்டவே 2009 ஆயிற்று! சென்னை மெயிலில் வந்திறங்கும் நம்மவர்கள் பெட்டி படுக்கையோடு பாலத்து நெரிசலில் தவித்தது 2024 மார்ச் வரை நீடித்தது. அதே 1971 திட்டத்தில் இருந்த தாகூர்புகூருக்கு 2022 டிசம்பரில்தான் ரயில் வந்தது.

இனி வகுக்கும் திட்டங்களில், இரண்டாவது மூன்றாவது வேலைகளுக்கும் தொடங்கும் வருஷத்தையும் பணம் வரும் வழியையும் ரயில்வேயும் மாநில அரசும் முதல் நாளே எழுதி அறிவிக்க வேண்டும்.